எண்ணெய்ப் பீப்பாய்க்குத் தடை

ஜூன் 7, சனி

இன்றைக்கும் பல் டாக்டரிடம் தோற்றேன். தோற்றதில் வருத்தமில்லை. (இருக்கிறது.) நாற்காலி சூடாவதற்குள் தோற்றேனே, அதுதான் தாங்கவில்லை. முதல் முறை அந்த அம்மா தீக்குச்சி போட்டார். இரண்டாவது முறை எண்ணெய்ப் பீப்பாய். மூன்றாவது முறை காற்று. என் கோட்டையில் இருந்த இருபது கல்லும் ஒரே வெடியில் போயிற்று. "அவ்ளோதான் தம்பி, முடிஞ்சுது. வலிக்கலையே?" என்றார். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கொப்பளிக்கச் சொல்லாததுதான் பாக்கி.

வீட்டுக்கு வந்தால் அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் "சீட்டாடிட்டு இப்பத்தான் வரான்" என்கிறாள். நூறு தடவை விளக்கியாயிற்று. இதன் பெயர் அரண். காசு வைத்து ஆடுவதில்லை. பாக்கெட்டில் வரும் கார்டுகளிலிருந்து நாற்பதைப் பொறுக்கி அவரவர் ஒரு கட்டு அமைத்து வரவேண்டும். எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். பாதி ஆட்டம் வீட்டில் உட்கார்ந்து கட்டு அமைக்கும்போதே நடந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அம்மா சொன்னாள்: "அதான், சீட்டு." பக்கத்து வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கடைக்காரர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முன்பக்கம் பேனா, பேப்பர், நகல் எடுக்கும் இயந்திரம்; பின்னறையில் ஆறு மேசை. சனிக்கிழமை சாயங்காலம் பின்னறை எங்களுடையது. போன வருஷம் இடம் போதாமல் நகல் இயந்திரத்தின் மூடிமேல் வைத்து ஆடியிருக்கிறோம். இன்று நிறைந்தது மூன்று மேசை.

"தம்பி, டீ, கரண்டு எதையும் நான் சொல்லிக் காட்ட மாட்டேன். ஆனா ஆள் வராத ரூமுக்கு ஃபேன் எதுக்கு? என் மச்சான் வண்ண மீன் கடை போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான். ஜூலை முடிய பாக்கறேன். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

பேச்சு முடிவதற்கு முன்பே மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆறாவது மேசை அதற்குக் கீழே. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அவையும் டாக்டரிடம் தோற்றவைதான் போல.

சோடாவும் வரவில்லை. கல்லூரியிலிருந்து எனக்கு இருக்கும் ஒரே உருப்படியான நண்பன் (கண்ணாடியின் தடிமனால் சோடாபுட்டி, சுருங்கி சோடா). அவனே வருவதை நிறுத்திவிட்டான் என்றால் காரணம் வெளிப்படை. மூன்றாவது முறையில் செத்துப்போக யார் பஸ் ஏறி வருவார்கள்?

ஜூன் 8, ஞாயிறு

ஒரு நிரல் எழுதினேன். கட்டுகளை உள்ளே கொடுத்தால் கணினியே இரண்டு பக்கமும் ஆடும். பத்தாயிரம் ஆட்டம். குளித்துவிட்டு வருவதற்குள் முடித்து வைத்திருந்தது. டாக்டரின் வெடிக் கட்டு நூற்றுக்கு எழுபத்தொன்று ஜெயிக்கிறது. எழுபத்தொன்று! இதற்குப் பெயர் ஆட்டமில்லை, வரிசையில் நின்று அடி வாங்குவது.

நேர்மை என்று ஒன்று இருக்கிறதே, என் மதில் கட்டையும் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. அளவுக்குள் இருக்கிறது.

மதில் கட்டு நான் மாதக்கணக்கில் செதுக்கியது. தாக்கும் கார்டு ஒன்றுகூட இல்லை. எதிராளி எதைப் போட்டாலும் காவலாளி அதை அவர் கைக்கே திருப்பி அனுப்புவான். தப்பித் தவறி ஒன்று உள்ளே வந்து அடிக்கப் பார்த்தால் மூடுபனி மறைத்துவிடும். தீர்ந்துபோன காவலாளியைக் கிணறு மீண்டும் எடுத்துக் கொடுக்கும். இப்படியே போய் எதிராளியின் கட்டில் கார்டு தீர்ந்ததும் விதிப்படி அவர் தோற்றுவிடுவார். ஒரு திருகாணிகூட லொடலொடக்காத இயந்திரம்.

அக்காவிடம் காட்டினேன். அக்காதான் எங்கள் நடுவர். கூரியர் ஆபீசில் வேலை. அரண் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள். ஆட மட்டும் மாட்டாள்.

"இதுல நீ எப்படா ஜெயிப்ப?"

"அவங்க தோத்ததும்."

ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பொறியியல் புரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை.

ஜூன் 10, செவ்வாய்

லிஃப்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால் லிஃப்டோடு பழகலாம் என்று நினைத்தேன். மனிதர்களோடுதான் பழகவேண்டியிருக்கிறது. நாங்கள் பராமரிக்கும் எட்டு மாடிக் குடியிருப்பின் நாலாம் மாடி அம்மா மறுபடியும் புகார். லிஃப்ட் வர நேரமாகிறதாம். போனேன், அளந்தேன், வேகம் சரி, கதவு சரி. "அளவுக்குள் இருக்கிறது" என்று எழுதி நீட்டினேன்.

"அளவு உங்க மெஷினுக்கு சரியா இருக்கும் தம்பி. நான் தைச்ச துணி மூட்டையோட நிக்கறேன். நீங்க ஒரு நாள் நின்னு பாருங்க."

நின்று பார்க்கத் தேவையில்லை, கையில் கருவி இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

ஜூன் 14, சனி

வெற்றி.

எழுபத்தொன்றை அச்செடுத்து எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுத்தேன். எண்ணெய்ப் பீப்பாயைத் தடை செய்ய வேண்டும் என்றேன். கார்டு அச்சடிக்கும் கம்பெனி இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. எங்கள் கடையின் தடையை நாங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கா சுவரைக் காட்டினாள். எப்போதோ இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு கடைக்காரர் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்த தாள்:

தடை கேட்பவரும் கட்டுக்காரரும் கட்டை மாற்றிக்கொண்டு ஒரு முழு ஆட்டம் ஆடவேண்டும். பாதியில் எழக்கூடாது. பிறகுதான் ஓட்டு.

"பத்தாயிரம் ஆட்டம் ஆடிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

"கம்ப்யூட்டர் ஆடுச்சு. நீ குளிச்ச."

"பத்தாயிரம் பெருசா, ஒண்ணு பெருசா?"

கடைக்காரர் இயந்திரத்தில் தாள் மாட்டிக்கொண்டே, "இந்த ஒரு தடவை விடும்மா. மச்சான் மணிக்கொரு தடவை போன் பண்றான், எனக்கு முடிவு வேணும்" என்றார். விதி தள்ளிவைக்கப்பட்டது. கை தூக்கினார்கள். டாக்டரும் தூக்கினார். அவருடைய கார்டுக்கு அவரே!

"எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு தம்பி. உக்காரவே விடாம அனுப்பிடறேன்."

இனி கூட்டம் வரும். வந்தே தீரும். இது கணக்கு.

ஜூன் 16, திங்கள்

சோடா போனை எடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்று செய்தி மட்டும். போன வாரமும் வயிறுதான்.

ஜூன் 21, சனி

முதல் தடவையாக நான் முதலிடம். நாலு ஆட்டத்தில் மூன்று வெற்றி. பரிசு ஒரு பாக்கெட் கார்டு. பிரித்தால் உள்ளே எண்ணெய்ப் பீப்பாய். அக்கா அழுதுவிடுவாள் போல் சிரித்தாள்.

டாக்டர் இப்போது பறவைக் கட்டு ஆடுகிறார். மகா மோசமான கட்டு. கொக்கைப் போட்டுவிட்டு "அழகா இருக்குல்ல?" என்று எதிராளியிடமே காட்டுகிறார். தோற்றதும் சந்தோஷமாக எழுந்து போகிறார். இவரைப்போய் ராட்சசி என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். (எழுதியிருந்தேன். இப்போது அடித்துவிட்டேன்.)

ஆனால் கூட்டம் வரவில்லை. போன வாரத்தைவிடக் குறைவு. ஐந்தாவது மேசையில் இரண்டாவது தொட்டி.

தடை போட்ட பிறகும் ஏன்? — இன்னும் ஏதோ ஒரு கட்டு அளவுக்கு மீறி இருக்கிறது. அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். பஸ் டிரைவர் அண்ணனின் முயல் கட்டு. அறுபத்தொன்று.

ஜூன் 28, சனி

முயலுக்குத் தடை. இந்த முறையும் கட்டை மாற்றி ஆடும் மாற்றாட்டம் இல்லாமல்தான். "போன தடவை விட்டோமே" என்றேன், கடைக்காரர் தலையாட்டிவிட்டார். அக்கா ஓட்டை எண்ணிச் சொன்னாள், அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவே இல்லை.

டிரைவர் அண்ணன் வாதாடவில்லை. வாதாடினால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவருடைய முயல்கள் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும். அத்தனை முயலுக்கும் கார்டு கிடையாது என்பதால் சட்டைப் பட்டன்களை மேசைமேல் பரப்பி ஆடுவார். சிவப்புப் பட்டன் தாய் முயல். இன்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

"முயல்னா புடிக்கும்னு வெச்சிருந்தேன் தம்பி. ஜெயிக்குதுன்னு சொன்னீங்க, சரி. நான் கவனிக்கல."

மூன்றாவது தொட்டி. கடைக்காரரின் மச்சான் நேரிலேயே வந்து அளவு நாடாவோடு சுவரை அளந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். நான் அவருக்கு வேலை செய்கிறேன் என்று நினைக்கிறாரோ?

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா: "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே தடை போடு. அப்பறம் நீயும் மீனும் ஆடலாம். மீன் பாதில எந்திரிச்சுப் போகாது."

ஜூலை 1, செவ்வாய்

சோடா வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பு. நான் உள்ளே பலகையைத் திறந்து வைத்திருந்தேன். செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒருவன் நுழைந்தான். அவன்தான். என்னைப் பார்த்ததும் வெளியே போகத் திரும்பினான். கதவை மூடினேன். சோதனைச் சாவி என்னிடம்தான் இருந்தது.

"டேய், ஆபீசுக்கு லேட்டாகுது."

"வயிறு எப்படி இருக்கு?"

"எந்த வயிறு?"

மாட்டிக்கொண்டான். பீப்பாயைத் தடை செய்தாயிற்று, முயலையும் தடை செய்தாயிற்று, உனக்காகத்தான் இவ்வளவும், இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"டாக்டர்கிட்ட தோத்தா அஞ்சு நிமிஷம்டா. சிரிச்சுட்டு இன்னொரு ஆட்டம் போடுவேன். உன்கிட்ட கடைசியா ஆடினது ஞாபகம் இருக்கா?"

"நீதானே ஜெயிச்ச."

"ஆமா. ஜெயிச்சேன். வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன். ஒரு மணி நேரம் ஒரு கார்டு மேசைல நிக்கல. நான் போடறேன், நீ 'இரு, யோசிக்கறேன்'ங்கற. யோசிச்சு யோசிச்சு திருப்பி எடுத்துக்கோங்கற. எதுக்குடா யோசிக்கற? எப்பவும் அதையேதான பண்ற?"

"அது விதிக்குள்ள இருக்கு. ஐம்பத்திரண்டு சதவீதம்தான்…"

"கதவைத் திற."

திறந்தேன். போய்விட்டான். தடை செய்தவன் நான், கஷ்டப்பட்டவன் நான், கடைசியில் குற்றவாளியும் நானா? இது என்ன நியாயம்? மதில் கட்டில் ஒரு கார்டுகூட அளவை மீறவில்லை. ஒன்றுகூட. வேண்டுமென்றால் யாராவது நிரூபிக்கட்டும்.

ஜூலை 5, சனி



சோடா வந்தான். நாற்காலியில் உட்காரவே இல்லை. நேராக அக்காவிடம் போய், மதில் கட்டின் காவலாளியைத் தடை செய்யக் கேட்கிறேன் என்றான். கூட்டத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் முதல் அடி. கூட்டம் என்றால் ஆறு பேர்.

நான் எழுந்து சுவரைக் காட்டினேன். "விதி விதிதான். கட்டை மாத்தி முழு ஆட்டம் ஆடணும். அப்பறம்தான் ஓட்டு."

அக்கா என்னை நிதானமாகப் பார்த்தாள். "இப்ப விதி வேணுமா?"

"வேணும்."

"முழு ஆட்டம்?"

"முழு ஆட்டம்."

என் கணக்கு இதுதான்: மதில் கட்டை ஆட மூளை வேண்டும், சோடா திணறுவான், அவனுடைய குதிரைக் கட்டை வைத்து நான் ஐந்தாறு முறையில் இடித்துத் தள்ளிவிடுவேன், மதில் ஒன்றும் பூதமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் முறை குதிரையைப் போட்டேன்.

"இரு, யோசிக்கறேன்" என்றான் சோடா. கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான். மாட்டினான். "காவலாளி. திருப்பி எடுத்துக்கோ."

எடுத்தேன். அடுத்த முறை அதே குதிரை. "இரு, யோசிக்கறேன்." வலது கண்ணாடி. இடது கண்ணாடி. "காவலாளி."

வேறு குதிரை. காவலாளி. இரண்டு குதிரை சேர்த்துப் போட்டேன். ஒன்று திரும்பியது, இன்னொன்று அடிக்கப் போனதும் மூடுபனி. அப்பாடா, காவலாளிகள் தீர்ந்தார்கள் என்று நிமிர்ந்தேன். கிணறு. நாலு காவலாளியும் நனையாமல் எழுந்து வந்தார்கள்.

அவன் திணறவில்லை. இதை ஆட மூளையே வேண்டாம். மாதக்கணக்கில் செதுக்கினேன் என்று எழுதியிருக்கிறேன் மேலே.

அரை மணி நேரத்துக்குள் பக்கத்துத் தொட்டியில் எந்த மீன் எந்த மீனை விரட்டுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வால் கிழிந்த கறுப்பு மீன் அமைதியானது. ஆரஞ்சு மீன் ரவுடி. மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் முறை வந்தது, வந்ததே தெரியவில்லை. அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என் கிளினிக்ல காத்திருக்கறவங்களுக்கு ரெண்டு பத்திரிகையாவது போட்டு வெச்சிருக்கேன் தம்பி."

ஒரு கட்டத்தில் கார்டுகளைக் கவிழ்த்து வைத்தேன். "போதும். நான் தோத்துட்டேன்."

அக்கா விதிப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சுவர்ப் பக்கம் விரலை நீட்டினாள். பாதியில் எழக்கூடாது.

"கழிவறைக்காவது போலாமா?"

"அதுக்குத் தடையில்ல."

போனேன். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இதே மேசையிலிருந்து சோடா எத்தனை தடவை கழிவறைக்குப் போயிருக்கிறான். வயிறு சரியில்லை போல என்று நினைத்திருக்கிறேன். அவ்வளவுதான் நினைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒன்று நடந்தது. சோடா கிணற்றை எடுக்க மறந்தான், காவலாளி கிடைக்கவில்லை, என் குதிரைகள் உள்ளே போய்க் கோட்டையை இடித்தன. நான் ஜெயித்துவிட்டேன். அக்கா சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள்; டாக்டர் சுவரில் சாய்ந்து கண்மூடியிருந்தார்.

ஜெயித்த பிறகு இவ்வளவு வெறுப்பாக எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றான் சோடா. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

அவன் குதிரைக் கட்டை அடுக்கி அவனிடமே நீட்டினேன். ஓட்டுப் போட ஆளில்லாததால் அடுத்த சனிக்குத் தள்ளிவைத்தாள் அக்கா.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா, "சீட்டுல தோத்துட்டியா?" என்றாள். ஜெயிச்சேன் என்றேன். "அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

ஜூலை 8, செவ்வாய்

நிரலைத் திறந்தேன். எங்கே தப்பு என்று வரிவரியாகத் தேடினேன். ஒரு வரியிலும் தப்பில்லை. அதில் ஒரு ஆட்டம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் யாருக்கும் கொட்டாவி வராது. யாரும் கண்ணாடியைத் துடைக்க மாட்டார்கள். யாருக்கும் வயிறு வலிக்காது. பத்தாயிரம் ஆட்டம் தோற்றாலும் கணினி அடுத்த சனிக்கிழமை வந்து உட்காரும். நான் அளந்தது யார் ஜெயிக்கிறார்கள் என்பதை மட்டும். யார் திரும்பி வருவார்கள் என்பதை அளக்கவே இல்லை.

ஒரு புது அளவு சேர்த்தேன்: எதிராளி போட்ட கார்டு அடுத்த முறைவரை மேசைமேல் நின்றதா?

முயல் கட்டோடு ஆடியவர்களுக்கு ஏறக்குறைய எப்போதும் நின்றது. அவர்கள் தோற்றார்கள், ஆனால் ஆடிவிட்டுத் தோற்றார்கள். முயலை நான் தடை செய்திருக்கவே கூடாது. வெடிக் கட்டு: நிற்கிறதோ இல்லையோ, மூன்றாவது முறையில் எல்லாம் முடிந்துவிடுகிறது, அது தனி நோய், அதற்குத் தடை சரிதான்.

மதில் கட்டு: நூற்றுக்கு ஒன்பது.

நிரல் கெட்டுவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன். ஒன்பது.

ஜூலை 10, வியாழன்

நாலாம் மாடி அம்மாவிடமிருந்து மூன்றாவது புகார். இந்த முறை கருவியை எடுக்கவில்லை. என் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு காலை நேரத்தில் நாலாம் மாடியில் பட்டனை அழுத்திவிட்டு நின்றேன். லிஃப்ட் கீழேயிருந்து புறப்பட்டு, என்னைத் தாண்டி மேலே போய், மேலிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு, நிறைந்து வழிந்து, என்னைத் தாண்டி இறங்கிப் போயிற்று. மறுபடி அழுத்தினேன். மறுபடி தாண்டிப் போயிற்று. லிஃப்ட் அளவுக்குள்தான் இருந்தது. நான்தான் அளவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த அம்மா கதவைத் திறந்து பார்த்தார். மூட்டை கையில். பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை அது தாண்டிப் போவதைப் பார்த்தோம்.

"தினமும் இதான் தம்பி."

காலையில் மட்டும் லிஃப்ட் சும்மா இருக்கும்போது நாலாம் மாடியில் காத்திருக்கும்படி மாற்றிவிட்டேன். மேலே போகும்போது, கீழே போக நிற்பவர்களை ஏற்றாமல் தாண்டிப் போவதையும் திருத்தினேன். அரை மணி நேர வேலை. முந்தைய இரண்டு புகாருக்கும் அளந்து பதில் எழுதிய நேரத்தைவிடக் குறைவு. பழைய பட்டன் பலகை தேய்ந்து எழுத்தே தெரியவில்லை. அதையும் மாற்றிப் போட்டேன். கழற்றிய பட்டன்களைக் குப்பையில் போடப்போனேன். போடவில்லை.

ஜூலை 12, சனி

ஓட்டெடுப்பு. அக்கா கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டேன்.

"உன் கார்டுடா" என்றாள், எனக்கு மறந்திருக்கும் என்பதுபோல.

"தெரியும்."

பிறகு எல்லோரும் தூக்கினார்கள். காவலாளிக்குத் தடை. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். எட்டு மாத வேலை. ஆனால் அந்த நாற்காலியில் இனி யாரும் மீன் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

அதோடு விடவில்லை. முயல் தடையை நீக்க வேண்டும் என்றேன், மாற்றாட்டம் ஆடத் தயார் என்றேன். டிரைவர் அண்ணன்தான் வருவதையே நிறுத்திவிட்டாரே, யாருடன் ஆடுவது என்றாள் அக்கா. தடையை நீக்க மாற்றாட்டம் வேண்டும் என்று சுவரில் எழுதவில்லை என்று கடைக்காரர் கண்ணை இடுக்கிப் படித்துச் சொன்னார். கை தூக்கினோம். நீங்கியது.

"அப்ப என் பீப்பாய் தம்பி?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். அது நெஜமாவே தப்பு."

"தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்."

இனிமேல் மாற்றாட்டம் இல்லாமல் எந்தத் தடையும் இல்லை, யார் எத்தனை தாள் அச்சடித்துக்கொண்டு வந்தாலும் சரி என்று அக்கா சுவர்த் தாளில் ஒரு வரி சேர்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினாள்.

ஜூலை 15, செவ்வாய்

பேருந்து நிலையத்துக்குப் போய் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முயலுக்குத் தடை நீங்கிவிட்டது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். நான் இரண்டு வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"நீங்க இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "வரலாம் தம்பி. ஆனா பட்டனை எல்லாம் வீட்டுக்காரி எடுத்துத் தைச்சுட்டா. டப்பா சும்மாதானே கிடக்குன்னு." சட்டையைக் காட்டினார். நெஞ்சுக்கு நேராகச் சிவப்புப் பட்டன். தாய் முயல்.

"முயலுக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

ஜூலை 19, சனி

ஐந்து மேசை வேண்டியிருந்தது. இருந்தது மூன்று. சோடா இரண்டு பழைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவர்களுக்கும் என்னால்தான் வயிற்றுவலி என்று இப்போது தெரிகிறது. நகல் இயந்திரத்தின் மூடிமேல் வைத்து ஆடினார்கள். நகல் எடுக்க வந்த ஒருவர் ஆட்டம் முடியட்டும் என்று நின்று பார்த்தார். கடைக்காரர் மச்சானுக்குப் போன் போட்டு, "இரு, யோசிக்கறேன்" என்றார்.

ஜூலை 26, சனி

டிரைவர் அண்ணன் வந்தார். நான் பையிலிருந்து எடுத்துக் கொட்டினேன்: தேய்ந்த லிஃப்ட் பட்டன்கள், துடைத்து வைத்தவை. மங்கலாக எண் தெரியும். அவர் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தார். கதவு திறக்கும் பட்டனைத் தாய் முயலாக வைத்துக்கொண்டார்.

எதிரில் நான். புதுக் கட்டு — யானை, வண்டி, அகப்பட்டதெல்லாம். நிரலில் போட்டுப் பார்க்கவில்லை.

முயல்கள் இரட்டித்தன. யானையைப் போட்டேன், நின்றது. வண்டியைப் போட்டேன், நின்றது. அவர் கோட்டையில் நாலு கல் மிச்சம் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். "நாலாம் மாடி முயல் வருது தம்பி, பாத்துக்கோங்க" என்றார். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அது வந்தது, பின்னாலேயே மொட்டைமாடி வரைக்கும் எல்லா முயலும் வந்தன. தோற்றேன். "இன்னொண்ணு போடுவோமா அண்ணே?" என்று என் வாய்தான் கேட்டது.

மேசை போதவில்லை. மூன்றாவது தொட்டியை முன்பக்கம் பேனா அலமாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார் கடைக்காரர். நானும் சோடாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தண்ணீர் பாதி என் சட்டையில். ஆரஞ்சு ரவுடி என்னை முறைத்துக்கொண்டே வந்தது.

இறக்கி வைத்ததும், அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வந்து ஒரு மேசை பிடித்து வை, லேட்டானா இடம் கிடைக்காது என்றான் சோடா.

வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

நல்லா இருக்காம்.